தள்ளத் தெரியாதவள்

மாப்பிள்ளை மயங்கி விழுந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆறடி உயர மனிதர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். இருபதாவது மாடியில் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி வேலை பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர், ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவ வகுப்பின் முதல் நாளில், இடுப்பெலும்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்த நர்ஸ் அதன் ஓட்டை வழியாகத் துணிப் பொம்மையைத் திருப்பித் திருப்பி இழுத்துக் காட்டியதும், நாற்காலியோடு சேர்ந்து சரிந்துவிட்டார். எட்டு கர்ப்பிணிகள் சுற்றி நின்று அவருக்கு விசிறினார்கள்.

"பிரசவத்தன்னிக்கு ரெண்டு கட்டில் போடச் சொல்லணும், எனக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு," என்று இளையவள் அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. "அக்கா, விளையாட்டு இல்ல. உள்ள என்கூட இருக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?"

மூத்தவள் அப்போது மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சில்லை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, ஃபிரேமைச் சூடாக்கி இளக்கி, சில்லை உள்ளே உட்கார வைப்பது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அதே நாற்காலி, அதே விளக்கு. விரல் நடுங்காத வேலைக்காரி என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். "வர்றேன்டி, அதுக்கென்ன," என்று போனில் சொன்னவள், வைத்த பிறகு பார்த்தால் கையிலிருந்த சில்லின் ஓரம் முக்கால் மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள்.

அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். பத்து வயது. அந்தப் பிறப்பைப் பற்றி வீட்டில் சொல்லப்படுவது ஒரே ஒரு வரி: "ஆயுதம் போட்டு எடுத்தாங்க." அந்த வரிக்கு முன்னாலும் பேச்சு கிடையாது, பின்னாலும் கிடையாது. அவள் நினைவில் இருந்தது மட்டும் வேறு. தள்ளு, தள்ளு என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தியது. "இவளுக்குத் தள்ளவே தெரியல" என்று யாரோ யாரிடமோ சொன்னது. திடீரென்று அறை முழுக்க ஆட்கள். கால்களைத் தூக்கி வைத்தார்கள். இரும்பு இரும்போடு உரசும் சத்தம். என்ன நடக்கிறது என்று அவள் கேட்டதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே நின்ற கணவருக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அம்மாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். "குழந்தை மூக்கும் முழியுமா நல்லா இருக்கு. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே," என்றாள் அம்மா. அன்போடுதான் சொன்னாள். அதோடு மூத்தவள் வாயை மூடிக்கொண்டாள். தனக்குத் தள்ளத் தெரியவில்லை, அதனால்தான் அப்படி ஆயிற்று என்பது மட்டும் உள்ளே தங்கிப்போனது. இரண்டாவது குழந்தை பற்றிக் கணவர் பேச்செடுத்தபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே வருஷங்களைக் கடத்திவிட்டாள்.

அடுத்த வகுப்புக்கு இருவரும் போனார்கள். வகுப்பெடுத்த நர்ஸ் நரைத்த தலை, கட்டைக் குரல், பேச்சில் ஒளிவு மறைவு இல்லாதவர். மூச்சை எப்படி விடுவது, வலி வரும்போது படுத்தே கிடக்காமல் எப்படிக் குனிந்து சாய்ந்து நிற்பது, கூட இருப்பவர் இடுப்பில் எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் செய்ய வைத்தார். கடைசி அரை மணி நேரத்துக்கு மேஜை மேல் ஒரு துணியை விரித்து இரண்டு சாமான்களை வைத்தார்.

"இதைப் பத்திப் பேசினா பயந்துடுவீங்கன்னு சில பேர் சொல்லுவாங்க. அந்த நேரத்துல முதல் தடவையா பாத்தா இன்னும் பயப்படுவீங்க. அதனால இப்பவே தொட்டுப் பாருங்க," என்றார். "இது வாக்யூம். இந்தக் கப் குழந்தையோட உச்சந்தலையில ஒட்டிக்கும். வலி வரும்போது நீங்க தள்ளுவீங்க, அதே நேரத்துல டாக்டர் இழுப்பாங்க. நீங்க தள்ளாம இது தனியா வேலை செய்யாது. தலையில ஒரு வீக்கம் இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல வடிஞ்சுடும். இது ஃபோர்செப்ஸ். ரெண்டு பெரிய கரண்டி மாதிரி, குழந்தையோட தலையை ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிக்கும். கன்னத்துல தடம் விழலாம், பெரும்பாலும் மறைஞ்சுடும். அம்மாவுக்குத் தையல் கொஞ்சம் அதிகமா தேவைப்படலாம். எதைப் போடறதா இருந்தாலும் கர்ப்பப்பை வாய் முழுசா திறந்திருக்கணும், தலை நல்லா கீழ இறங்கியிருக்கணும். இல்லேன்னா ஆபரேஷன்தான்."

சாமான்கள் கைமாறி வந்தன. இளையவள் வாக்யூம் கப்பைத் தன் உள்ளங்கையில் ஒட்டிப் பார்த்து, "அட, பாத்ரூம்ல டவல் மாட்டற கொக்கி மாதிரி இருக்கே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஃபோர்செப்ஸ் வந்தது. பக்கத்தில் இருந்தவள் நீட்ட, மூத்தவள் வாங்கினாள். நாள் முழுக்கக் குறடும் திருப்புளியும் பிடிக்கிற கை அது. அந்த இரண்டு கரண்டிகளும் பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தத்தோடு ஒன்றோடொன்று பொருந்தி உரசின. அதை மேஜையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்," என்று வெளியே போய்விட்டாள்.

வகுப்பு முடிந்ததும் நர்ஸ் அவளைத் தேடி வந்தார். மூத்தவள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எப்போ?" என்றார் நர்ஸ். அவ்வளவுதான் கேட்டார்.

"பத்து வருஷம் ஆச்சு சிஸ்டர். இதே ஆஸ்பத்திரிதான். எனக்குத் தள்ளத் தெரியல, அதனால..."

"யார் சொன்னது?"

"அங்க இருந்தவங்க."

நர்ஸ் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "உங்க ஃபைல் கீழ் மாடியில பழைய ஏடுகள் பகுதியில இருக்கும். உங்க கையெழுத்தோட ஒரு விண்ணப்பம் கொடுத்தா நகல் தருவாங்க. வாங்கிட்டு வாங்க, நான் கூட உக்காந்து படிச்சுச் சொல்றேன்," என்றார்.

மூத்தவள் ஒன்பது நாள் யோசித்தாள். இப்போது தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு நாள் தோன்றும். தெரியாமலே தங்கையின் பக்கத்தில் போய் எப்படி நிற்பது என்று மறுநாள் தோன்றும். பத்தாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில் போய் விண்ணப்பம் கொடுத்தாள். தங்கையிடம் மூச்சு விடவில்லை. நகல் பதினோரு பக்கம் இருந்தது. கையெழுத்து ஒன்றும் புரியவில்லை. தன் பெயரும் தேதியும் மட்டும் தெரிந்தன.

நர்ஸ் தன் ஓய்வறையில் கதவைச் சாத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"பதினொண்ணு இருபதுக்கு வாய் முழுசா திறந்திருக்கு. அப்போ இருந்து தள்ளியிருக்கீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. இங்க பாருங்க, 'முகம் மேல் நோக்கி'ன்னு எழுதியிருக்கு. குழந்தைங்க பெரும்பாலும் அம்மாவோட முதுகைப் பாத்துக்கிட்டுத்தான் வெளிய வரும். உங்க பொண்ணு வானத்தைப் பாத்துக்கிட்டு வந்திருக்கா. அப்படி வந்தா தலையோட பெரிய சுற்றளவு வழியில மாட்டும். எவ்வளவு தள்ளினாலும் நகர்றது ரொம்பக் கஷ்டம். கடைசியில குழந்தையோட இதயத் துடிப்பு இறங்கி, ஏறவே இல்ல. அதனால ஃபோர்செப்ஸ் போட்டுத் தலையைத் திருப்பி எடுத்திருக்காங்க. ஒண்ணு முப்பத்தொண்ணுக்குப் பிறப்பு."

"அப்போ நான் தள்ளலேன்னு எங்கயும் எழுதலையா?"

"எழுதல. 'தாய் நன்றாக முயல்கிறார்'னு ரெண்டு இடத்துல எழுதியிருக்காங்க. இதோ. இதோ."

மூத்தவள் அந்த இரண்டு இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு கட்டத்தைக் காட்டி, "இது என்ன, காலியா இருக்கு?" என்றாள்.

"தாய்க்கு விளக்கம் சொல்லி, சம்மதம் வாங்கினதை எழுதற இடம்." நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு எடுத்தது சரியான முடிவுதான். எடுக்கலேன்னா உங்க பொண்ணுக்கு ஆபத்து. ஆனா உங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்பு. அவசரம்னாலும் ஒரு ஆள் உங்க தலைமாட்டுல நின்னு சொல்லியிருக்கலாம்."

மூத்தவள் தலையாட்டினாள். காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். அன்று மதியம் ஏழு கண்ணாடிகள் முடித்தாள். ஒன்றில்கூடப் பிசகு வரவில்லை.

ஒன்பதாவது மாதத்தில் இளையவள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரசவத்தில் தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதியிருந்தாள். வலி தெரியாமல் இருக்க முதுகு ஊசி, பார்க்கலாம். நடக்க விட வேண்டும். ஆயுதம் வேண்டாம். இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

"ஏன்டி ரெண்டு கோடு?" என்றாள் மூத்தவள்.

"அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன்ல."

 பையில் இருந்த நகலைப் பற்றிச் சொல்லலாமா என்று மூத்தவளுக்கு வாய்வரை வந்தது. நாளை எண்ணிக்கொண்டிருப்பவளிடம் தன் பாரத்தை இறக்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். "வேண்டாம்னு எழுதாதே. 'தேவைப்பட்டா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, என் பதிலைக் கேளுங்க'ன்னு எழுது," என்று மட்டும் சொன்னாள். இளையவள் யோசித்துவிட்டு அந்த வரியை அடித்து, அப்படியே மாற்றி எழுதினாள்.

பிறகு, "நீ அங்க என்ன செய்யணும் தெரியுமா?" என்று கேட்டாள். இளையவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவள். "என் வேலையைத்தான். பக்கத்து சீட்ல உக்காந்திருக்கணும், கண்ணு ரோட்டுல இருக்கணும், ஆனா ஸ்டீயரிங்ல கை வைக்கக் கூடாது. அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்."

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பல் தேய்க்கும்போது அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. எட்டரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில் கதவின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "இதுக்கு எண்ணெய் போடணும்," என்றார். "எனக்கு வலிக்குது!" என்று கத்தினாள் மனைவி. அறைக்குள் அவள் கையில் ஊசி குத்தும்வரை தாக்குப்பிடித்தவர், அதற்கப்புறம் முகம் வெளிறி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

இளையவள் நடந்தாள், சாய்ந்து நின்றாள், அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். தங்கையின் இடுப்பை அழுத்திப் பிடித்துப் பிடித்து மூத்தவளுக்குக் கை மரத்துப்போனது. பன்னிரண்டரைக்கு வாய் முழுசாகத் திறந்துவிட்டது என்றார்கள். தள்ள ஆரம்பித்தாள். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. தலை கீழே இறங்கி வந்திருந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஒவ்வொரு வலிக்கும் மானிட்டரில் குழந்தையின் துடிப்பு இறங்கியது. திரும்ப ஏற எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. மூத்தவளுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

மூத்தவள் எழுந்து நின்றுவிட்டாள். என்ன கேட்க வேண்டும், எப்படித் தடுக்க வேண்டும் என்று பல நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் வந்த டாக்டர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போகவில்லை. நேராகத் தலைமாட்டுக்கு வந்து, குனிந்து, இளையவளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தார். சின்ன வயசுப் பெண்தான்.

"அம்மா, என்னைப் பாருங்க. நீங்க நல்லா தள்றீங்க. குழந்தையும் நல்லா இறங்கியிருக்கு. ஆனா அதுக்குக் களைப்பா இருக்கு, துடிப்பு சொல்லுது. ரொம்ப நேரம் காத்திருக்க எனக்கு விருப்பமில்ல. தலை இருக்கற இடத்தைப் பாத்தா வாக்யூம் வச்சு உதவி செய்யலாம். இல்லேன்னா ஆபரேஷன், ஆனா தலை இவ்வளவு கீழ வந்த பிறகு அதுவும் சுலபம் இல்ல, நேரமும் ஆகும். உங்க பேப்பரைப் படிச்சேன். அதனாலதான் கேக்கறேன். என்ன சொல்றீங்க?"

இளையவள் அக்காவைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. "அக்கா, நீ சொல்லு."

ஆபரேஷன் என்று சொல்லத்தான் மூத்தவளுக்கு உடம்பெல்லாம் துடித்தது. அந்தச் சாமான்களின் பக்கமே என் தங்கை போக வேண்டாம். சொன்னால் அவள் கேட்டிருப்பாள், சின்ன வயசிலிருந்து அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது. அது தங்கையின் முடிவாக இருக்காது, தன் பத்து வருஷப் பயத்தின் முடிவாகத்தான் இருக்கும். அவள் டாக்டரிடம் திரும்பினாள்.

"எத்தனை தடவை இழுப்பீங்க?"

"மூணு. அதுக்குள்ள நல்லா நகரலேன்னா நிறுத்திட்டு அடுத்ததைப் பத்திப் பேசுவோம்."

"குழந்தை எந்தப் பக்கம் பாக்குது?"

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "கீழ, முதுகைப் பாத்துத்தான். சரியான நிலை."

"வலிக்குமா?"

"அந்த இடம் மரத்துப்போக ஊசி போடுவேன். அழுத்தம் தெரியும்."

மூத்தவள் தங்கையின் நெற்றியைத் துடைத்தாள். "கேட்டியா? நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல. ஆனா நீதான்டி சொல்லணும்."

இளையவள் கண்ணை மூடினாள். அடுத்த வலி வந்து போனது. "வாக்யூம் வைங்க," என்றாள். அப்புறம், "அவரையும் கூப்பிடுங்க. விழுந்தா விழட்டும்."

மாப்பிள்ளை வந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்தார். மூத்தவள் அவர் தோளைப் பிடித்துத் தலைமாட்டில் உட்கார வைத்து, மனைவியின் கையைக் கையில் கொடுத்தாள். குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். கப் வைத்ததையும் டாக்டர் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். வலி வந்தது. இளையவள் தள்ள, டாக்டர் இழுக்க, 'டப்' என்று ஒரு சத்தம். மூத்தவளுக்கு உயிரே போய் வந்தது.

"கப் வழுக்கிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. துடிப்பு இருக்கு. தலை நல்லா நகர்ந்திருக்கு. திரும்ப வைக்கிறேன், சரியா?" என்றார் டாக்டர்.

"சரி, சரி," என்றாள் இளையவள்.

இரண்டாவது முறை தலை முழுக்க வந்தது. அடுத்த வலியில் உடம்பு வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. ஆண் குழந்தை. மூன்று நான்கு விநாடி சத்தமே இல்லை. துணியால் முதுகைத் தேய்த்தார்கள். பிறகு அழுதான் பாருங்கள், மாப்பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டார். திறந்தவர் விழவில்லை. "இவன் தலை ஏன் கத்திரிக்காய் மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மூத்தவள் குழந்தையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டாள். பிறகு வராந்தாக் கோடியில் இருந்த கை கழுவும் தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அழ வைத்தது அது இல்லை. டாக்டர் பேசியதற்கு மொத்தமாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷம் தனக்குக் கிடைத்திருந்தால் இத்தனை வருஷமும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது, முதல் முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. இதுவரை தன்னை நினைத்தே பட்டுவந்த வெட்கம் விலகி, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அது அவளுக்குப் புதிதாகவும் கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வார்டில் வெயில் அடித்தது. தலை வீக்கம் பாதி வடிந்திருந்தது. இளையவளுக்கு நான்கு தையல். காற்றடித்த வளையத்தின் மேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, 'எந்தப் பக்கம் பாக்குது'ன்னு கேட்டியே, அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இளையவள். "வகுப்புல அது சொல்லவே இல்லியே. நீ அன்னிக்கு எழுந்து வேற போயிட்ட."

மூத்தவள் அம்மாவின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த பதினோரு பக்கங்களை எடுத்தாள். முதலிலிருந்து சொன்னாள். கத்தியவர்கள், கேட்டும் கிடைக்காத பதில், பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஓடிய வருஷங்கள், காலியாக இருந்த அந்தக் கட்டம். இளையவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அம்மாவின் கையில் ஆரஞ்சு பாதியில் நின்றுவிட்டது.

"நீ என்கிட்ட சொல்ல வந்தே," என்றாள் அம்மா, சுளையைப் பார்த்தபடி. "நான்தான் காது கொடுக்கல."

"ஆமாம்மா," என்றாள் மூத்தவள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, சொல்லவும் இல்லை.

அப்போது ஒரு நர்ஸ் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, குழந்தையைப் பாக்கணும்."

"ஒரு அஞ்சு நிமிஷம் சிஸ்டர்," என்றாள் மூத்தவள். "பேசிக்கிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். மூத்தவள் 'முகம் மேல் நோக்கி' என்று எழுதியிருந்த எட்டாம் பக்கத்தைத் திருப்பித் தங்கையின் மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.